போயிட்டு வாங்க

வீட்டில் போன் அடித்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் இன்றும் எனக்கு முதலில் தோன்றும். பேரன் பிறந்த செய்தி வந்தபோதும் அப்படித்தான் தோன்றியது. இத்தனைக்கும் நான் காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். "ஊருக்கெல்லாம் லைன் குடுத்தவ வீட்டு போனை எடுக்க நடுங்குறா" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. என் அப்பா தச்சு ஆசாரி. தேக்கு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் ஓரத்தில் சுரண்டிப் பார்க்காமல் விலை பேச மாட்டார். அவர் மரத்தைச் சுரண்டினார், நான் மனுஷர்களைச் சுரண்டினேன். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால், கலந்தது மாட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிறார் என்று நினைப்பேன். இப்படிப்பட்டவள் எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவை முதல் நாளே நம்பவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அறுபத்தாறில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மானாமதுரைப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கழுத்தில் தாலிச் சங்கிலி. நெற்றியில் பொட்டு இல்லை, அவர்கள் வைப்பதில்லை. அந்த நெற்றியைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. புருஷன் இருக்கிறாரா, இல்லையா என்று ஒரு பொட்டு சொல்லியிருக்க வேண்டியதை நானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறாகக்கா?"

"லைன்மேன். ராமேஸ்வரம் பக்கம் போயிருக்காக."

"எப்ப வருவாக?"

"செய்தி இல்லை தாயி" என்று சொல்லிவிட்டு, போர்டில் அழைப்பு விளக்கு எரிய, வயரைச் செருகப் போய்விட்டார். வருத்தம் தெரியவில்லை. போன புருஷனைப் பற்றிச் செய்தி இல்லை என்று சொல்லும் பெண்ணின் குரல் கொஞ்சமாவது இறங்க வேண்டாமா? ஆள் எங்கேயோ இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறார், இவர் மூடி மறைக்கிறார் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் போனாலும் "போயிட்டு வாங்க" என்பார். எல்லோரும் சொல்வதுதானே என்று நினைக்கலாம். எல்லோரும் வாசலில் நின்று, வந்த விருந்தாளிக்குச் சொல்வார்கள். அக்கா டீக்கடைக்காரருக்குச் சொல்வார். தந்தி கொடுக்கப் போகிறவருக்குச் சொல்வார். வெளியூர் டிரங்க் கால் மூன்று நிமிஷம் முடிந்ததும் நாங்கள் லைனில் நுழைந்து, நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்குவோம். அக்கா அங்கேயும் "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பிடுங்குவார். கானாடுகாத்தானிலிருந்து சென்னைக்குப் பேசும் ஒரு வயசான அப்பச்சி, "எங்குட்டு ஆத்தா போகச் சொல்றே, நான் எங்க வீட்டு நாக்காலியிலதான இருக்கேன்" என்று கேட்டுச் சிரிப்பார். ஜன்னலுக்கு வெளியே ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அது எழுந்து போனால் அதற்கும் "போயிட்டு வா". ஒருமுறை சொல்ல மறந்துவிட்டு, எழுந்து வாசல் வரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்படி ஓடியதில் ஹெட்போன் வயர் காலில் சிக்கி விழப்பார்த்தார்.

அதை எல்லோரும் அன்பு என்றார்கள். எனக்கு அது அன்பாகத் தெரியவில்லை. அன்பாக இருப்பவர்களுக்கு இவ்வளவு அவசரம் இருக்காது.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் போர்டில் விளக்கு எரிந்தால்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். எரிகிற துளையில் வயரைச் செருகி, யார், எங்கிருந்து, எந்த நம்பர் வேண்டும் என்று கேட்போம். மத்தியானம் ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது போர்டும் தூங்கும். அந்த நேரத்தில், ஒரு விளக்கும் எரியாதபோது, அக்கா வாய்க்கு முன்னால் இருக்கும் குழலில் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் வயரைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"யாரு பேசுறது? எங்கிருந்து?"

 எதையோ கேட்பது போல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அப்புறம், "அப்படி ஒருத்தி இங்க இல்லை. வைங்க" என்றார்.

போர்டைப் பார்த்தேன். எல்லாத் துளையும் காலி. ஒரு வயர்கூட ஏறியிருக்கவில்லை.  நாங்கள் அறியாத ஒரு லைன் இந்த அம்மாவுக்கு இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் போன பிறகு, மண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள் நான்தானே.

அந்தச் சமயம் பார்த்துக் கொத்தமங்கலத்து ஆச்சி ஒருவர் காரில் வந்து இறங்கி எக்ஸ்சேஞ்ச் வாசலில் நின்று சத்தம் போட்டார். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசிய பேச்சு அப்படியே ஊரில் உலாவுகிறது, இங்கே யாரோ ஒட்டுக்கேட்டுச் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். எனக்கு உடனே அக்காவின் அந்த முணுமுணுப்பு ஞாபகம் வந்தது. அக்காவோ எழுந்து போய் ஆச்சிக்குத் தண்ணீர் கொடுத்து, "உங்க வீட்ல டிரங்க் கால் யாரு பேசுவாக ஆச்சி?" என்று கேட்டார்.

"எங்க அப்பச்சிதான் பேசுவாக."

"எப்படிப் பேசுவாக? மெதுவாவா?"

ஆச்சி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்தக் காலத்தில் சென்னைக்குப் பேசுகிறவர்கள் சென்னைக்கே கேட்கும்படி கத்துவார்கள். வீட்டுப் பெரியவரான அப்பச்சி வளவு முற்றத்தில் நின்று கத்தியது இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கிறது. ஆச்சி தண்ணீரைக் குடித்துவிட்டுக் காரில் ஏறினார். "போயிட்டு வாங்க ஆச்சி" என்று அக்கா வாசலில் நின்று சொன்னார். அந்த வழக்கிலிருந்து அக்காவை நான் விடுதலை செய்தேன். மற்ற வழக்குகள் நிலுவையில் இருந்தன.

எங்கள் சூப்பர்வைசரின் தாயார் இறந்தது அதற்கு அடுத்த கோடையில். வீடு கோட்டையூரில். எக்ஸ்சேஞ்சிலிருந்து நானும் அக்காவும் பஸ்ஸில் போனோம். முற்றத்தில் அந்த அம்மாளைக் கிடத்தியிருந்தார்கள், சுற்றிலும் பெண்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கினேன். அக்கா தலைமாட்டில் கண்ணை மூடிக் கொஞ்சம் நின்றார், ஜெபம் செய்திருப்பார். பிறகு குனிந்து, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"போயிட்டு வாங்கம்மா."

அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அழுகையை நிறுத்தினார்கள். சாவு வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. வந்தவர்கள்கூட "போயிட்டு வாரேன்" என்று விடைபெறாமல் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அப்படியிருக்க, செத்தவரையே திரும்பி வா என்று கூப்பிட்டால்? சூப்பர்வைசரின் தங்கை எழுந்து வந்தார்.

"என்ன பேச்சும்மா இது? போன உசிரை வாங்கன்னு சொல்றீகளே, வந்து இங்க யாரைக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சூப்பர்வைசரின் மகன் அப்போது அம்மை போட்டு உள்ளறையில் படுத்திருந்தான். ஒரு கிழவி அந்த அறை வாசலில் போய்க் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வேப்பமர நிழல். அக்கா அங்கே கல்லில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே சொன்னார்.

"தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோச்சே, அந்தப் புயலுக்கு முந்தின நாளு தாயி. பாம்பன் பக்கம் லைன் கோளாறுன்னு இவுகளைப் போகச் சொன்னாக. பண்டிகை வாரம். கேக்குக்கு மாவு சலிச்சு வச்சிருக்கேன், புள்ளைக்குப் புதுச் சட்டை தைக்கக் குடுத்திருக்கு. பண்டிகைக்கு இருக்க மாட்டீகளான்னு சண்டை போட்டேன். ரயிலுக்குப் போகச் சைக்கிளை எடுக்கையில 'போயிட்டு வாரேன்'னாக. நான் அடுப்பையே பாத்துக்கிட்டு 'போங்க'ன்னேன். வாங்கன்னு சொல்லல."

 அவர் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. "செய்தி இல்லை" என்று அக்கா என்னிடம் சொன்னது சரியான வார்த்தைதான்.

"அதுக்கப்புறம் மனசுக்குள்ள தெனம் ஒரு கால் வந்துக்கிட்டே இருந்துச்சு" என்றார் அக்கா. "நீ வான்னு சொல்லல, அதான் அவன் வரல, நீதான் கொன்னே, அப்படின்னு. மொதல்ல எல்லாம் நான் எடுத்து எடுத்துப் பேசுவேன். ஆமா, நான்தான்னு அழுவேன். சோறு எறங்காது. கெணத்துப் பக்கம் போனா எட்டிப் பாக்கத் தோணும். புள்ள முந்தானையப் பிடிச்சுக்கிட்டே திரியும். ஒருநாள் ஜெபத்துல முழங்கால் போட்டிருக்கையில தோணுச்சு. ஊருல யாரு கூப்பிட்டாலும் யாரு, எங்கிருந்துன்னு கேக்காம நான் லைன் குடுக்குறதில்லை. இதை மட்டும் ஏன் கேக்காமக் குடுக்குறேன்?"

"கேட்டா சொல்லுதாக்கா?"

"சில நாளு சொல்லும். ஆண்டவர்கிட்ட இருந்து வாரேன், உன்னய தண்டிக்க வாரேன்னு சொல்லும்."

நான் விடவில்லை. "நெசமாவே சாமிகிட்ட இருந்து வந்ததா இருந்தா?"

"அவரு குரல் எனக்குத் தெரியும் தாயி. நீ கொத்தமங்கலம் நம்பரை எல்லாம் குரல வச்சே சொல்றேல்ல, அது மாதிரி. அவரு கண்டிப்பாரு. ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கண்டிப்பாரு. இந்தக் குரல் ஒருநாள்கூட என் பேரைச் சொன்னதில்லை. கொன்னவளேன்னுதான் கூப்பிடுது. அதான் அப்படி ஒருத்தி இங்க இல்லை, வைங்கன்னு சொல்லிட்டு, ஆண்டவரை நெனச்சுக்கிட்டு ஒக்காந்துருப்பேன். கொஞ்ச நேரத்துல வேற விளக்கு எரியும். வேலை வந்துரும்."

அது ஒரு நாளில் நடந்த அற்புதம் இல்லை என்பதையும் சொன்னார். தினமும் அழைப்பு வருகிறது, தினமும் கேட்க வேண்டியிருக்கிறது. முன்பு மணிக்கு ஒருமுறை வந்தது, இப்போது மத்தியானத்தில் மட்டும் வருகிறது என்றார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு அவர் மேல் முதன்முதலாகப் பிரியம் வந்தது. கண்ணீர் வந்தது, மறைத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் பாதிதான் நம்பினேன். என் சுபாவம் அப்படி. நானும் வீட்டில் அதைச் செய்து பார்த்தேன். வீட்டுக்காரர் மில்லிலிருந்து வர நேரமானால் லாரி, ரத்தம், ஆஸ்பத்திரி என்று எனக்கு வரிசையாகத் தோன்றும். யாரு, எங்கிருந்து என்று கேட்டேன். எங்கிருந்தும் இல்லை, என்னிடமிருந்துதான் வந்தது. இதை அக்காவிடம் சொன்னபோது, "ஒனக்கு வர்றதெல்லாம் லோக்கல் கால் தாயி" என்று சொல்லி, ஹெட்போன் நழுவும்படி சிரித்தார்.

சூப்பர்வைசரின் மகனுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அக்காவிடம் மறுபடி முகம் கொடுத்துப் பேசினார். அதுவரை அக்கா அவர் போகும்போதும் "போயிட்டு வாங்க சார்" என்பதை விடவில்லை. அவர் காதில் விழாதது போல் போய்விடுவார். அந்த நாட்களில் மத்தியான முணுமுணுப்பு காலையிலும் நடந்தது. பையன் பிழைக்காவிட்டால் என்ன செய்திருப்பாரோ என்று நான் பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன்.

வருஷங்கள் ஓடின. எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த அக்காவின் மகள் வளர்ந்து மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்தாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். எழுபத்தைந்தில் ஒருநாள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, அம்மா கை கழுவப் போன நேரம் பார்த்து என்னிடம் உட்கார்ந்தாள்.

"சித்தி, எனக்கு வேலை கெடைச்சிருச்சு. ஆஸ்பத்திரியில. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாக."

"ஏன், என்ன சொல்றாக?"

"ஜெபம் பண்ணிச் சொல்றேன்னாக. வர்ற திங்கக்கிழமை நான் சேரணும். அவுக ஜெபம் முடியுறதுக்குள்ள வேலை வேற ஆளுக்குப் போயிரும்."

"எந்த ஊரு?"

அவள் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ராமேஸ்வரம்."

காரைக்குடியில் ரயில் ஏறினால் மானாமதுரை வழியாகப் போய், பாம்பன் பாலத்தில் கடலைத் தாண்டித்தான் ராமேஸ்வரம். அவளுடைய அப்பா போன அதே ரயில். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாமல் இல்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு சித்தி. ஆனா எத்தனை காலத்துக்கு நாங்க ரெண்டு பேரும் அந்தப் பாலத்துக்கு இங்குட்டே நின்னுக்கிட்டு இருக்குறது?" என்றாள். அவளுடைய குரல் அவளுடைய வயதுக்கு மேலே இருந்தது.

அக்கா வந்தார். மகள் எழுந்தாள். "போயிட்டு வா தாயி, பாத்துப் போயிட்டு வா" என்றார். வீடு செக்காலையில், நடந்து போகிற தூரம். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு போகிற பெண்ணை வாசலில் நின்று, தெரு முனை திரும்பும் வரை பார்த்தார். திரும்பியதும் இன்னொரு முறை, யாருக்கும் கேட்காதபடி, "போயிட்டு வா" என்றார்.

எனக்கு அப்போது ஒன்று பட்டது. இத்தனை வருஷமாக அந்த வார்த்தையில் ஏதோ இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருந்தேனே, அது என்ன என்று தெரிந்துவிட்டது. சொல்லலாமா என்று யோசித்தேன். மூத்தவர், என்னைவிடக் கடவுள் நம்பிக்கை உள்ளவர். ஆனால் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீகளே?"

"கேளு."

"ஒங்களுக்கு வர்ற நெனப்புக்கெல்லாம் ஊரு பேரு கேக்குறீக. இந்தப் 'போயிட்டு வாங்க'வை என்னைக்காவது கேட்டீகளா, நீ யாரு, எங்கிருந்து வாரேன்னு?"

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். வேலை நேரத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. போர்டில் ஒரு விளக்கு எரிந்தது, நான் எடுத்தேன். இன்னொன்று எரிந்தது, அதையும் நானே எடுத்தேன்.  அக்காவுக்குக் கோபம் என்று நினைத்தேன். நன்றாக இருந்த மனுஷியைக் கலைத்துவிட்டாயே என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அதையும் யாரென்று கேட்க நேரமில்லை, விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

விளக்குகள் ஓய்ந்ததும் அக்கா சொன்னார். "அதுவும் அந்தக் குரல் வீட்டு ஆளுதான் தாயி. கோயிலுக்குப் போற சேலையக் கட்டிக்கிட்டு வந்துச்சு, நான் கேக்காம உள்ள விட்டுட்டேன்."

"விடுங்கக்கா, நான் ஏதோ..."

"இல்லை, நீ கேட்டது சரி. பத்து வருசமா எல்லாரையும் நான்தான் திருப்பிக் கூட்டியாந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன் போல. நான் சொன்னாத்தான் டீக்கடைக்காரரு வீடு போய்ச் சேருவாரு, அந்த நாயி திரும்பி வரும். நான் சொல்லாததாலதான் அவுக வரல." கழற்றி வைத்த ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த வேலை என்னது இல்லை. அதை ஆண்டவர்கிட்ட குடுத்துட்டேன்னு வாயாலதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

மறுநாள் டீக்கடைக்காரர் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாசல் வரை போய், ஏதோ குறைகிறது என்று திரும்பி வந்து நின்றார். "என்னம்மா, டீ நல்லா இல்லையா?" என்று கேட்டார். அக்காவின் மேலுதட்டில் வேர்த்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு. போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார், உதடுகள் அசைந்தன. சாயங்காலம் அதே ஆள் மறுபடி டீயோடு வந்தபோது அக்கா அவரை அதிசயமாகப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, கிளாஸை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மகளிடம் துணிமணிகளை எடுத்து வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேவு பார்க்கத்தான் போனேன். அக்காவின் கையில் ஒரு பெரிய பை இருந்தது. கடைசி நிமிஷத்தில் தானும் ஏறிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். பையைத் தொட்டுப் பார்த்தேன். முறுக்கு டப்பாவும் ஊறுகாயும்தான் இருந்தன. அதை ஜன்னல் வழியாக மகளிடம் கொடுத்துவிட்டார். இனி மனசு மாறி இறங்கு என்பார் என்று காத்திருந்தேன். அதையும் சொல்லவில்லை.

கொடி காட்டினார்கள். மகள் ஜன்னலில் முகத்தை வைத்து, "போயிட்டு வாரேம்மா" என்றாள். சின்ன வயதிலிருந்து அவள் தினமும் கேட்ட பதில் ஒன்று இருக்கிறதே, அதற்காகக் காத்திருந்தாள். ரயில் லேசாக நகர்ந்தது.   சொல்லிவிட்டால் என்ன, ஊரே சொல்கிற வார்த்தைதானே, சொல்லித் தொலையுங்கள் என்று எனக்கே கத்த வேண்டும் போல் இருந்தது.

"போ தாயி" என்றார் அக்கா.

மகளின் முகம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் அவளுக்குப் புரிந்தது. அழுதுகொண்டே சிரித்தாள், கையை ஆட்டினாள். பக்கத்து ஜன்னலில் இருந்த ஒரு அம்மாள்தான் பொறுக்காமல், "என்னம்மா, கெளம்புற புள்ளைய மொட்டையாப் போன்னு சொல்றீக?" என்று கேட்டார்.

அக்கா நகரும் ரயிலோடு இரண்டடி நடந்து, அவருக்குச் சொன்னார். "போகட்டும் ஆத்தா. கூட்டிக்கிட்டுப் போறவருக்குத் திருப்பிக் கூட்டியாரத் தெரியும்."

பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. நான் ரயிலைப் பார்க்கவில்லை, அக்காவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் கேட்காமல் இரண்டாம் முறை சொல்வாரே, அதைப் பிடித்துவிட வேண்டும் என்று. ஒரு கையை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. உதடு மட்டும் அசையவே இல்லை.

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டியது. எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் பாலத்தைத் தாண்டப் போகிறாள், யாருமே வா என்று சொல்லவில்லையே. குனிந்து, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி, எனக்கே கேட்காத குரலில் முணுமுணுத்தேன். "போயிட்டு வா."

அக்கா ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. இருபது வருஷம் ஹெட்போன் மாட்டிய காது.

"யாரு பேசுறது?" என்று கேட்டார். "எங்கிருந்து?"